பகல் 12-க்கு ஏஎம்மா பிஎம்மா? ‘வெள்ளி நள்ளிரவு’ என்றால் எந்த இரவு?

கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. பகல் 12 மணியை 12 ஏஎம் என்று எழுதுவதா, 12 பிஎம் என்று எழுதுவதா என்பது ஒன்று. ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் ‘வெள்ளிக்கிழமை 12 ஏஎம்’ என்று போட்டிருந்தால் அது வியாழன் இரவா, வெள்ளி இரவா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பகல் 12 என்றால் 12 பிஎம், நள்ளிரவு 12 என்றால் 12 ஏஎம். செல்போன், கணினி, டிஜிட்டல் கடிகாரம் என்று நாம் புழங்கும் கருவிகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் காட்டுகின்றன. இரண்டாவதற்கு அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. கணினிக் கணக்குப்படி ‘வெள்ளி 12 ஏஎம்’ என்பது வெள்ளிக்கிழமை பிறக்கும் நொடி. அதாவது வியாழன் ராத்திரி 11:59 முடிந்த உடனே. ஆனால் அறிவிப்பை எழுதியவர் அந்த அர்த்தத்தில்தான் எழுதினாரா என்பது வேறு விஷயம். ‘வெள்ளிக்கிழமை முழுக்க நேரம் கொடுத்திருக்கிறோம்’ என்று நினைத்துக்கொண்டே பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள். அதனால் வியாழன் இரவுக்குள் முடித்துவிடப் பாருங்கள். முடியாது என்றால், ‘கடைசி நாள் வியாழனா வெள்ளியா’ என்று கிழமையை மட்டும் கேளுங்கள். நேரத்தைப் பற்றிக் கேட்டால் அதே ‘12 ஏஎம்’தான் பதிலாக வரும்.

என் பார்வையில் இந்த இரண்டையும் ஒரே குழப்பமாகப் பார்ப்பதுதான் தப்பு. ஏஎம் பிஎம் பிரச்சினை, வழக்கம் நிலைபெற்று ஏறக்குறையத் தீர்ந்துபோனது. நள்ளிரவு எந்தத் தேதியைச் சேர்ந்தது என்ற பிரச்சினை தீரவில்லை. ‘12 ஏஎம்’ என்பதை எடுத்துவிட்டு ‘நள்ளிரவு 12’ என்று போட்டால் முதல் பிரச்சினை போய்விடும், இரண்டாவது அப்படியே நிற்கும். பணமும் வாய்ப்பும் கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான்.

முதலில் ஏஎம் பிஎம் ஏன் உதைக்கிறது என்று பார்ப்போம். இரண்டுமே லத்தீன் சொற்றொடர்களின் சுருக்கம். ஏஎம் என்பது உச்சிப்பொழுதுக்கு முன், பிஎம் என்பது உச்சிப்பொழுதுக்குப் பின். உச்சிப்பொழுது உச்சிப்பொழுதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே சரியாகப் பகல் 12:00:00 என்ற அந்தக் கணத்துக்கு இரண்டு பெயருமே பொருந்தாது. நள்ளிரவுக்கு நேரெதிர்: அது முந்தைய உச்சிக்கு 12 மணி நேரம் பின், அடுத்த உச்சிக்கு 12 மணி நேரம் முன். இரண்டு பெயருமே பொருந்தும். இலக்கண சுத்தமாகப் பேசுகிறவர்கள் ‘12 பிஎம் என்று ஒன்று கிடையாது’ என்று வாதாடுவது இதை வைத்துத்தான்.

வாதம் சரி, ஆனால் நடைமுறைக்கு உதவாது. கடிகாரம் 12:00 என்று காட்டுவது ஒரு கணத்தை அல்ல, முழு ஒரு நிமிடத்தை. அந்த நிமிடத்தில் முதல் கணத்தைத் தவிர மீதியெல்லாம் உச்சிக்குப் பின்தான். 12:01, 12:30, 12:59 எல்லாமே சந்தேகமில்லாமல் பிற்பகல். 12:01 பிஎம் என்று ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு முந்தைய நிமிடத்துக்கு மட்டும் ஏஎம் ஒட்டினால், டிஜிட்டல் கடிகாரம் 12:00 ஏஎம்மிலிருந்து 12:01 பிஎம்முக்குத் தாவ வேண்டும். அதனால் வழக்கம் இந்தப் பக்கம் நின்றதில் ஒரு நியாயம் இருக்கிறது.

உண்மையில் மனசைக் குழப்புவது லத்தீன் அல்ல, 12 என்ற எண்தான். 11 ஏஎம்முக்கு அடுத்து 12 வருகிறது, அதுவரை ஏஎம்தானே, 12-ம் ஏஎம்தான் என்று கை தானாக எழுதிவிடுகிறது. 12 மணி நேர முறையில் 12 என்பது கடைசி எண் போலத் தெரிந்தாலும் வேலை பார்ப்பது பூஜ்யமாக. வரிசை 1, 2, 3 … 12 அல்ல. 12, 1, 2 … 11. ஏஎம் பிஎம் முத்திரை மாறுவது 12-க்கும் 1-க்கும் இடையில் அல்ல, 11:59-க்கும் 12:00-க்கும் இடையில். 12-ஐப் பார்க்கும்போது மனதுக்குள் 0 என்று படித்துக்கொள்ளுங்கள். 0:30 ஏஎம் என்றால் நாள் பிறந்து அரை மணி, 0:30 பிஎம் என்றால் பகல் பாதியிலிருந்து அரை மணி. அதற்குமேல் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

ஜப்பான் இதைத்தான் செய்கிறது. 1872-ல் அங்கே வந்த அரசாணை நண்பகலை ‘முற்பகல் 12’ என்றும், நள்ளிரவை ‘பிற்பகல் 12’ அல்லது ‘முற்பகல் 0’ என்றும் வகுத்தது. அந்தக் கணக்கில் மதியம் 12:30-ஐ எப்படிச் சொல்வது என்பது இடித்ததால், ‘பிற்பகல் 0 மணி 30 நிமிடம்’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது. ஜப்பானியச் செய்தி வாசிப்பில் இன்றும் இதைக் கேட்கலாம்.

அமெரிக்காவிலும் இது நெடுநாள் இழுபறியாக இருந்தது. அந்நாட்டு அரசு அச்சகத்தின் நடைக் கையேடு 2000-ல் வந்த பதிப்பில் நண்பகலுக்கு 12 ஏஎம், நள்ளிரவுக்கு 12 பிஎம் என்று போடச் சொன்னது. 2008 பதிப்பில் அதை அப்படியே தலைகீழாக மாற்றிவிட்டார்கள். ஆக, பழைய ஆவணம் ஒன்றைப் புரட்டும்போது ‘12 பிஎம்’ என்று கண்டால் இன்றைய வழக்கத்தை அதன்மேல் ஏற்றிப் படிக்கக் கூடாது. முன்பின் இருக்கும் நேரங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘12 எம்’ என்ற குறியும் பழைய அட்டவணைகளில் கிடைக்கும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. அது உச்சிப்பொழுதைக் குறிக்கும் எம். ஆங்கிலத்தில் நள்ளிரவுக்கான சொல்லும் எம்மில்தான் தொடங்குகிறது என்பதால் அதை நள்ளிரவு என்று படிக்கிறவர்கள் உண்டு. நிஸ்ட் எனப்படும் அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனம் 12 ஏஎம், 12 பிஎம் இரண்டையுமே தவிர்க்கச் சொல்கிறது. நண்பகல், நள்ளிரவு என்று சொல்லாகவே எழுது. ஒப்பந்தம் போன்றவற்றில் 12:01 ஏஎம் அல்லது 11:59 பிஎம் போடு என்பது அதன் யோசனை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஏஎம் பிஎம் தேவையே இல்லை. பகல் 12, மதியம் 12:30, நள்ளிரவு 12, நள்ளிரவு 12:30 என்று எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள். முற்பகல், பிற்பகல் என்ற சொற்களையோ மு.ப., பி.ப. என்ற சுருக்கங்களையோ 12-க்கு மட்டும் போடாதீர்கள்; லத்தீனில் உள்ள அதே வியாதி இவற்றுக்கும் உண்டு. ‘காலை 12 மணி’, ‘மாலை 12 மணி’ என்று சில மென்பொருள்கள் ஏஎம், பிஎம்மைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் போடுவதையும் பார்க்கலாம். அப்படி வந்தால் ‘காலை 12’ நள்ளிரவு, ‘மாலை 12’ நண்பகல் என்று திருப்பிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி தேதிச் சிக்கல். நம் பேச்சில் இரவு என்பது விடியும்வரை முந்தைய நாளின் வால். ‘சனிக்கிழமை நைட் ஒரு மணிக்கு வந்தான்’ என்றால் கேட்பவர் எல்லாருக்கும் புரிவது காலண்டர்படி ஞாயிறு 01:00. யாரும் அதை வெள்ளி போய்ச் சனி பிறந்த நேரமாக எடுத்துக்கொள்வதில்லை. கணினிக்கோ நாள் 00:00-க்குப் பிறக்கிறது. இந்த இரண்டு கணக்கும் மோதுகிற இடம் நள்ளிரவிலிருந்து ஏறக்குறைய 4 மணிவரை. ஆகவே 12 மணிக்கு மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதாது. 12:40, 1:15 எல்லாமே இதே வலையில்தான் வருகின்றன.

நாள் எப்போது பிறக்கிறது என்பதே மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். வானியலாளர்கள் 1925 ஜனவரி 1 வரை நண்பகலில் நாளைத் தொடங்கினார்கள். ஒரே இரவில் எடுத்த கணிப்புகள் இரண்டு தேதிகளில் சிதறாமல் இருக்க அது வசதி. நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணிக்கொண்டே போக அவர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் இன்றும் நண்பகலில்தான் மாறுகிறது.

24 மணி நேர முறைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஏஎம் பிஎம் தொல்லை ஒழியும், மெய்தான். ஆனால் பயணச்சீட்டில் ‘15-ம் தேதி 00:20’ என்று தெளிவாகத்தான் அச்சிட்டிருக்கும். பயணி 15-ம் தேதி சாப்பிட்டு முடித்து நிதானமாக ராத்திரி 11:30-க்கு வந்து நிற்பார். வண்டி போய்க் கிட்டத்தட்ட 23 மணி நேரம் ஆகியிருக்கும். 00-இல் தொடங்கும் எந்த நேரத்தைப் பார்த்தாலும் தேதிக்குப் பக்கத்திலேயே ‘14 இரவு கிளம்பணும்’ என்று கையால் எழுதிவைப்பது நல்ல பழக்கம். செல்போன் காலண்டரில் பயணத்தோடு நிற்காமல், வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தையும் (14-ம் தேதி 22:45) தனிக் குறிப்பாகப் போடுங்கள். இரவு தங்க அறை பதிவு செய்யும்போதும் இப்படியே. 15-ம் தேதி 01:00-க்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்றால் அறை வேண்டியது 14-ம் தேதி இரவுக்கு.

24 மணி முறைக்குள்ளேயே நள்ளிரவுக்கு இரண்டு பெயர் இருக்கிறது: 14-ம் தேதி 24:00, 15-ம் தேதி 00:00. இரண்டும் ஒரே கணம். ஒன்று முடிவைச் சொல்கிறது, மற்றது தொடக்கத்தைச் சொல்கிறது. ‘கடை 18:00 முதல் 24:00 வரை’ என்று எழுத முதலாவது கச்சிதம். தேதி, நேரம் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 தரம் 24:00-ஐ முன்பு அனுமதித்தது, 2019 பதிப்பில் நீக்கியது, 2022 திருத்தத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டது. தரம் எழுதுகிறவர்களே இத்தனை தடவை தடுமாறியிருக்கிறார்கள். எல்லா மென்பொருளும் 24:00-ஐ ஏற்காது என்பதால் கோப்புகளில் 00:00 பாதுகாப்பானது. மனிதர்கள் படிக்கும் பலகையில் 24:00 போடலாம்.

கடைசி நேரம் அறிவிக்கிறவர் நீங்கள் என்றால் எழுத வேண்டிய வடிவம் இது: ‘14 மார்ச், வெள்ளி, இரவு 11:59 வரை’. தேதி, கிழமை, பொழுது மூன்றும் இருக்கட்டும். கிழமை வீண் வார்த்தை அல்ல. தேதியைத் தப்பாக அடித்தால் கிழமையோடு பொருந்தாமல் காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டிலிருந்தும் அனுப்புவார்கள் என்றால் எந்த நேர மண்டலம் என்று சேர்க்க வேண்டும். மென்பொருளில் கதவை மூடும் நேரத்தை 23:59 என்று அமைத்தால் அது 23:59:00-க்கே மூடிக்கொள்ளலாம், கடைசி ஒரு நிமிடம் காணாமல் போகும். கணினிக்குள் ‘15 மார்ச் 00:00:00-க்கு முன்வரை’ என்று வைத்துவிட்டு, மக்களுக்கு 11:59 என்று அறிவிப்பதுதான் சரி. ஒப்பந்தம், காப்பீடு மாதிரியான ஆவணங்களில் தொடக்கத்துக்கு 12:01 ஏஎம் போடும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடம் தள்ளி எழுதுவது முழுக்க இந்தத் தேதிக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். மருத்துவர் ‘நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது’ என்று சொன்னால் ‘செவ்வாய் காலை ஆபரேஷன் என்றால் திங்கள் ராத்திரி 12-லிருந்துதானே’ என்று கிழமையோடு திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அலாரத்தில் நடக்கும் தப்பு எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அலாரம் வைத்தவுடன் ‘இன்னும் இத்தனை மணி நேரத்தில்’ என்று ஒரு வரி கீழே தோன்றி மறையும். காலை 11-க்கு உட்கார்ந்து மதியம் 12:30-க்கு வைத்தால் ஒன்றரை மணி நேரம் என்று வர வேண்டும். 13 மணி 30 நிமிடம் என்று வந்தால் ஏஎம் விழுந்திருக்கிறது. மேசைமேல் வைக்கும் எண் கடிகாரங்களில் பிஎம்முக்கு ஒரு சின்னப் புள்ளி மட்டும் எரியும், அது கண்ணிலேயே படாது. மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு நேரம் வைக்கும்போது, ஒருமுறை 11:59-ஐத் தாண்டி 12:00-க்குக் கொண்டுபோய்ப் புள்ளி வருகிறதா போகிறதா என்று பாருங்கள். புள்ளி எரியும் 12 பகல், எரியாத 12 நள்ளிரவு.

தேதி காட்டும் முள் கைக்கடிகாரத்தில் தேதி பகல் 12-ஐ ஒட்டி மாறுகிறது என்றால் பழுது இல்லை. கடிகாரம் 12 மணி நேரம் தள்ளி ஓடுகிறது. முட்களை 12 மணி நேரம் முன்னோக்கிச் சுற்றிவிட்டால் சரியாகிவிடும். பழைய இயந்திரக் கடிகாரங்களில் இரவு 9 முதல் அதிகாலை 3 வரையிலான நேரத்தில் முள் நிற்கும்போது திருகை நடு நிலையில் இழுத்துத் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பல் பிடித்திருக்கும், உடைய வாய்ப்பு உண்டு.

எக்செல்லில் வருகைப் பதிவு வைத்திருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைக்கிறது: 12:00 ஏஎம் என்றால் 0, 12:00 பிஎம் என்றால் 0.5. வெறும் 12:00 என்று அடித்தால் பகலாகத்தான் எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கும் ஏஎம்முக்கும் நடுவே இடைவெளி விடாவிட்டால் அது நேரமாகவே பதியாமல் எழுத்தாக நின்றுவிடும்; கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். இப்போது மாலை 4-க்கு வந்து நள்ளிரவு 12-க்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். வேலை 8 மணி நேரம். முடிவிலிருந்து தொடக்கத்தை வெறுமனே கழித்தால் விடை எதிர்மறையாகிக் கட்டம் முழுக்க வேலிக் குறிகளாக (####) நிரம்பும். அதனால் ‘மாட்’ (MOD) சார்பைப் போட்டு, கழித்து வந்ததை 1-ஆல் வகுத்த மீதியை எடுப்பார்கள். 8 மணி நேரம் என்று சரியாக வரும். ஆனால் பதிந்தவர் போகும் நேரத்தை 12 பிஎம் என்று அடித்திருந்தால் அதே சூத்திரம் 20 மணி நேரம் என்று காட்டும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதச் சம்பளக் கணக்கில் இது அமைதியாக உட்கார்ந்துவிடும். 16 மணி நேரத்துக்கு மேல் வரும் எந்த வரியையும் நிறம் மாற்றிக் காட்டும்படி வைத்துவிடுங்கள். உண்மையான வேலை நேரத்தோடு வித்தியாசம் மிகச் சரியாக 12 மணி நேரமாக இருந்தால் குற்றவாளி ஏஎம் பிஎம்தான்.

நிரல் எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 12 மணி நேரத்தை 24-க்கு மாற்ற ‘பிஎம் என்றால் 12 கூட்டு’ என்று மட்டும் எழுதினால் மதியம் 12:30, 24:30 ஆகிவிடும். நள்ளிரவு 12:30 மாறாமல் மதியமாக நின்றுவிடும். முதலில் மணியை 12-ஆல் வகுத்து மீதியை எடுங்கள், பிறகு பிஎம் என்றால் 12 கூட்டுங்கள். திரும்பி வரும்போது 12-ஆல் வகுத்த மீதி 0 என்றால் 12 என்று காட்டி, மணி 12 அல்லது அதற்கு மேல் என்றால் பிஎம் போடுங்கள். ‘12-க்கு மேல்’ என்று மட்டும் எழுதினால் மதிய மணி நேரம் முழுக்க ஏஎம் ஆகும்.

ஜாவா நிரல்மொழியில் மணியை எந்த வடிவத்தில் எழுதுவது என்று குறிக்கும் எழுத்துகளில் பெரிய எச் (H) 0 முதல் 23, சிறிய எச் 1 முதல் 12, பெரிய கே 0 முதல் 11, சிறிய கே 1 முதல் 24. தேதி, நேரத்தைப் படிக்க அதில் உள்ள பழைய கருவியான சிம்பிள்டேட்ஃபார்மட்டில் ஏஎம் பிஎம் இல்லாத 24 மணி நேரத்தைத் தவறிச் சிறிய எச் கொண்டு படித்தால், அதன் தளர்வான இயல்பால் 09:30-ம் 15:30-ம் சரியாகவே வரும். 12:30 மட்டும் 00:30 ஆகும். நாள் முழுக்கச் சோதித்தாலும், சாப்பாட்டு நேரத்தில் சோதிக்காதவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் இதன் மறுபக்கம்: 24 மணிக்குரிய குறியோடு ஏஎம் பிஎம் குறியைச் சேர்த்தால் பிஎம்மைக் கண்டுகொள்ளாது, 3:30 பிஎம் 03:30 ஆகவே நிற்கும். சோதனைக்கு 11:59, 12:00, 12:59, 1:00 ஆகிய நான்கையும் ஏஎம் ஒருமுறை, பிஎம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எட்டும் சரியாக வந்தால் மாற்றுக் கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தரவுத்தளத்தில் ‘1 மார்ச் முதல் 31 மார்ச் வரை’ என்று தேதியை மட்டும் கொடுத்துத் தேடினால், நேரமும் சேர்த்துப் பதிந்த பத்தியில் 31 என்பது 31-ம் தேதி 00:00 ஆகிவிடும். கடைசி நாள் முழுக்க விட்டுப்போகும். ‘ஏப்ரல் 1-க்குக் குறைவாக’ என்று கேளுங்கள். நேரம் தேவைப்படாத பிறந்தநாள், விடுமுறை போன்றவற்றைத் தேதி வகையாகவே சேமிப்பது நல்லது. நள்ளிரவைச் சும்மா ஒட்டிவைத்தால் நேர மண்டலம் மாறும்போது முந்தைய நாளுக்கு நழுவிவிடும். பிரேசிலில் கோடை நேர முறையை 2019-ல் கைவிடும்வரை, அதற்கு மாறும் நாளில் கடிகாரத்தை நள்ளிரவில்தான் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அந்த ஒரு தேதியில் 00:00 என்ற நேரமே கிடையாது. தேதியை 00:00-ஆக வைத்திருந்த நிரல்கள் அன்று இடறின. எப்படியும் ஒரு நேரத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பகல் 12-ஐ ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தாலும் தேதி மாறாது.